மனப்பாடத்தின் மூன்று முகங்கள்: திண்ணைப் பள்ளி வகுப்பறையும் உ.வே.சா.வின் ‘என் சரித்திர’மும்

ஆய்வுச் சுருக்கம்

19ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் தொடக்கக் கல்வி பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகளில் நிகழ்ந்தது. அங்கு மாணவர் கற்றவை பொருளறியா மனப்பாடமே என்னும் குறை 1823ஆம் ஆண்டு முதலே எழுத்தில் பதிவாகியுள்ளது. இதற்கு எதிர்நிலையில், திண்ணைப் பள்ளியை இழந்துபோன பொற்காலமாகப் போற்றும் எழுத்துகளும் உள்ளன. இவ்விரு நிலைப்பாடுகளும் ‘மனப்பாடம்’ என்பதனை ஒரே தன்மையுடைய செயலாகக் கொள்கின்றன. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ காட்டும் வகுப்பறை நிகழ்வுகளை எண்சுவடி மரபோடும் காலனிய அலுவலர் பதிவுகளோடும் ஒப்பிட்டு, திண்ணைப் பள்ளியின் மனப்பாடம் தம்முள் வேறுபட்ட மூன்று செயல்களின் தொகுதி என்பதனை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அம்மூன்றனுள் ஒன்று மட்டுமே பொருளறியாமை என்னும் குறைக்கு உரியது என்பதும், அக்குறையின் சுமை எல்லா மாணவர் மீதும் சமமாக விழவில்லை என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: திண்ணைப் பள்ளி, உ.வே.சாமிநாதையர், என் சரித்திரம், எண்சுவடி, மனப்பாடம், சட்டாம்பிள்ளை, தொடக்கக் கல்வி.

முன்னுரை

சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியர்களிடம் அவரவர் பகுதியிலுள்ள பள்ளிகளைப் பற்றிய விவரங்களைக் கோரினார். அதற்கு மறுமொழியாக வந்த அறிக்கைகளுள் பெல்லாரி ஆட்சியர் ஏ.டி.கேம்பெல் 1823ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அனுப்பியது விரிவானது. அவ்வறிக்கை இரு வேறு மதிப்பீடுகளைத் தன்னுள் கொண்டுள்ளது. மாணவர் ஏராளமான செய்யுள்களை ஒப்பிக்கின்றனர் எனினும், அவற்றின் பொருளைப் பொறுத்தவரை பழக்கப்பட்ட கிளியினும் மிகுதியாக அவர்கள் அறிந்திலர் என்பது ஒன்று. கற்றுத் தேர்ந்த மாணவரைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறை போற்றத்தக்கது, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்பது மற்றொன்று. ஒரே கையெழுத்தில் அமைந்த இவ்விரு கூற்றுகளுள் முன்னதே பிற்காலக் கல்விச் சிந்தனையில் நிலைத்தது. பின்னது வரலாற்று வியப்பாக மட்டும் எஞ்சியது.

‘மனப்பாடக் கல்வி’ என்னும் தொடர் இன்று கல்வி விவாதங்களில் கண்டனச் சொல்லாகவே வழங்குகிறது. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் மனப்பாடத்திற்கு மாற்றாகச் செயல்பாட்டை முன்வைத்தவை. மனப்பாடம் ஒருபுறம், செயல்பாடு மறுபுறம் என்னும் இவ்வெதிர்வு வரலாற்றளவில் எவ்வளவு உறுதியானது என்பது வினவத்தக்கது. மனப்பாடத்தின் இருப்பிடமாகக் கருதப்படும் திண்ணைப் பள்ளியில் மாணவர் நாள்தோறும் உண்மையில் செய்தவை யாவை என்பதனை ஆராய்வது அவ்வினாவிற்கு விடை தேடும் வழிகளுள் ஒன்று.

சான்றுகளும் அவற்றின் இயல்பும்

உ.வே.சா. 1855ஆம் ஆண்டில் பிறந்தவர். அவரது திண்ணைப் பள்ளிப் பருவம் 1860களை ஒட்டியது. ‘என் சரித்திரம்’ 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1942இல் அவரது மறைவினால் முற்றுப்பெறாது நின்றது. 1950இல் நூல்வடிவம் பெற்றது. நிகழ்வுக்கும் எழுத்துக்கும் இடையில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உள்ளன. இவ்விடைவெளி நினைவின் நம்பகத்தன்மை பற்றியது மட்டுமன்று; நூலின் நடையையும் அது தீர்மானித்துள்ளது. எண்பத்தைந்தை எட்டிய ஆசிரியர், அச்சுப் பாடநூலும் கரும்பலகையும் மணியடிப்பும் கொண்ட பள்ளிகளில் பயின்ற வார இதழ் வாசகருக்குத் தம் இளமையை விளக்குகிறார். ஆதலின் ஓலை வாருவதும் மையாடுவதும் நெல்லிலக்கமும் விளக்கம் தேவைப்படும் அரும்பொருள்களாக நூலில் இடம்பெறுகின்றன. அக்காலம், இக்காலம் என்னும் ஒப்பீடு நூல் முழுவதும் தொடர்கிறது.

கேம்பெல் புறத்தார் நோக்கில் தம் காலத்தைப் பதிவு செய்தார். உ.வே.சா. அகத்தார் நோக்கில் கழிந்த காலத்தைப் பதிவு செய்தார். முன்னவருக்கு வகுப்பறையின் மொழி அயலானது, பின்னவருக்கு அதன் காலம் அயலாகிவிட்டது. இவ்விரு சான்றுகளும் எங்கே ஒத்துச் செல்கின்றன, எங்கே பிரிகின்றன என்பது கவனத்திற்குரியது.

இத்துறையில் அண்மைக் கால ஆய்வுகள் இரண்டு திசைகளில் சென்றுள்ளன. செந்தில்பாபு எண்சுவடிகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, நினைவு என்பது திண்ணைப் பள்ளியில் கற்றலுக்குத் துணைசெய்த கருவி அன்று, கற்றலின் முறையே அதுதான் என்று வாதிடுகிறார். பவானி ராமன் நினைவுப் பயிற்சியை உடலையும் புலன்களையும் நெறிப்படுத்தும் அறப் பயிற்சியோடு இணைத்து நோக்குகிறார். முதல் ஆய்வு கணக்கிலிருந்தும் இரண்டாவது ஒழுக்கத்திலிருந்தும் தொடங்குகின்றன. இரண்டும் கிளிப்பிள்ளைக் கருத்தைத் தகர்த்தவை. எனினும் எண்ணும் நீதிநூலும் பெயர்ப்பட்டியலும் ஒரே நாளில் ஒரே சிறுவனின் நாவில் எவ்வாறு வேறுவேறு தொழில்களைச் செய்தன என்பதனை ஒருசேர நோக்கும் தேவை எஞ்சியுள்ளது.

நாளின் தொடக்கம்: வரிசையைக் கற்றல்

திண்ணைப் பள்ளியின் நாள் பொழுது புலர்வதற்கு முன்னரே தொடங்கியது. முதலில் வந்து சேரும் மாணவனுக்கு ‘வேத்தான்’ என்னும் சிறப்புப் பெயர் உண்டு என உ.வே.சா. குறிப்பிடுகிறார். பின்னர் வருவோர் வந்த வரிசைக்கேற்பப் பிரம்படி பெறுவர். கேம்பெல் பெல்லாரிப் பகுதியில் இதனையொத்த வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். முதலில் வருபவன் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் புகழுக்கும் இகழுக்கும் உரியனல்லன் என்பதன் அடையாளமாகச் சுழியம் எழுதப்படும். மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டடி, அடுத்தடுத்து வருவோருக்கு ஒவ்வோர் அடி மிகுதி.

மொழியாலும் நிலத்தாலும் வேறுபட்ட இரு பகுதிகளில், நாற்பது ஆண்டு இடைவெளியில், இவ்வழக்கம் காணப்படுவதால் இது தனி ஆசிரியர் ஒருவரின் கடுமையன்று, பரவலான மரபு எனக் கொள்ள இடமுண்டு. இதன் உள்ளடக்கம் தண்டனை மட்டுமன்று. ஒவ்வொரு சிறுவனும் தான் எத்தனையாவதாக வந்தான் என்பதனைத் தன் கையின் வலியாலேயே அறிந்தான். எண் வரிசை ஏட்டிலிருந்து கற்கப்படுவதற்கு முன் உடலில் கற்கப்பட்டது. சுழியத்தின் பொருள் கூட அவ்வாறே உணர்த்தப்பட்டது. இதனைக் கற்பித்தல் நுட்பம் எனப் பாராட்டுவதும் கொடுமை என ஒதுக்குவதும் எளிது. அச்சமும் அறிவும் ஒரே செயலில் பிணைந்திருந்தன என்பதே நேரிய விவரணை. அப்பிணைப்பைப் பிரிக்காது காண்பது திறனாய்வுக்கு இன்றியமையாதது.

மணலும் ஓலையும்: கையின் கல்வி

எழுத்துக் கல்வி மணலில் தொடங்கியது. தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தின் ஒலியைச் சொல்வது முறை. எழுத்தை வெறுமனே ஒலித்துக் கற்பிக்கும் ஐரோப்பிய வழக்கினின்று இது வேறுபட்டது என்பதனைக் கேம்பெலும் குறித்துள்ளார். கண், கை, நா ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் இயங்கின. எழுதியது அடுத்த கணமே அழிக்கப்பட்டது. எழுத்து நிலைக்க வேண்டிய இடம் மணலன்று, மாணவனின் மனம்.

மணலிலிருந்து ஓலைக்குச் செல்வது ஒரு தகுதியேற்றம். பனையோலையைப் பதப்படுத்துதல், வாருதல், துளையிட்டுக் கயிறு கோத்தல், எழுத்தாணியால் கீறுதல், கீறிய எழுத்துத் தெரியுமாறு மஞ்சளும் இலைச்சாறும் கரியும் கலந்து மையாடுதல் ஆகியவை எழுதுதலின் பகுதிகளாகவே பயிலப்பட்டன. மாணவன் தன் நூலைத் தானே ஆக்கிக்கொண்டான். ‘செயல்வழி’ என்னும் சொல்லை இங்குப் பயன்படுத்துவதில் காலவழு உண்டு. ஆயினும் திண்ணைப் பள்ளியில் செயல் இல்லை, மனப்பாடம் மட்டுமே இருந்தது என்னும் கூற்று இச்சான்றுகளின் முன் நிற்காது.

இங்கு எழுத்துமுறை சார்ந்த செய்தி ஒன்று கருதத்தக்கது. ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. ரகரமும் கால் குறியும் வடிவில் ஒத்திருந்தன. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. இன்றைய அச்சில் ‘கொல்’ என நிற்கும் சொல்லை ஓலையில் கொல், கோல், கொல, கோல என்றும், கால் குறியை ரகரமாகக் கொண்டால் கெரல, கேரல என்றும் படிக்கக்கூடும். இவற்றுள் உரியதைத் தேர்வது கண்ணால் இயலாது. செய்யுளின் ஓசையையும் சொற்போக்கையும் முன்பே செவியால் அறிந்தவனே அவ்வரியைப் பிழையின்றிப் படிக்க இயலும்.

ஆகவே ஓலைச் சூழலில் மனப்பாடம் படிப்பின் எதிரியாகவோ பதிலியாகவோ நிற்கவில்லை. படிப்பிற்கு முன்நிபந்தனையாக நின்றது. கேம்பெல் கிளியைக் கண்ட இடத்தில் உண்மையில் நிகழ்ந்தது, எழுத்துமுறை விட்டுவைத்த வெற்றிடங்களை நிரப்பும் பயிற்சி. சிந்தாமணி முதலிய நூல்களின் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பிற்கால உ.வே.சா.வின் பணிக்கு இப்பயிற்சியே அடித்தளம் எனல் பொருந்தும். இது திண்ணைப் பள்ளி மனப்பாடத்தின் முதல் முகம், படிப்பதற்கான நினைவு.

எண்சுவடி: நிலமும் நெல்லும்

மனப்பாடத்தின் இரண்டாம் முகம் எண் கல்வியில் வெளிப்படுகிறது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவை திண்ணைப் பள்ளியின் கணக்குப் பாடங்கள். பொன்னிலக்கம் முழு எண்களோடு பின்னங்களையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறது. 320இல் ஒன்று முந்திரி, 80இல் ஒன்று காணி, 20இல் ஒன்று மா, 16இல் ஒன்று மாகாணி, பின்னர் அரைக்கால், கால், அரை, முக்கால். நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். இன்றைய தொடக்கப்பள்ளியில் பின்னம் என்பது கோட்டின் மேலும் கீழும் எழுதப்படும் இரண்டு எண்கள். திண்ணைப் பள்ளியில் அது தனிப்பெயரும் தனிக்குறியும் உடைய ஓர் எண்.

நெல்லிலக்கம் முகத்தலளவைகளை வரிசைப்படுத்துகிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். பதின்கூற்று முறையில் அமையாத இவ்வரிசையை நினைவில் கொண்டால் மட்டுமே களத்து மேட்டில் நெல்லை அளந்து பங்கிட இயலும்.

இங்கு இன்றியமையாத கூறு ஒன்று உண்டு. தஞ்சைப் பகுதியில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அதாவது ‘மா’ என்னும் சொல் இருபதில் ஒன்று என்னும் பின்னத்தையும், வேலியில் இருபதில் ஒன்றாகிய நிலத்தையும் ஒருங்கே குறித்தது. காணி என்பதும் பின்னத்தின் பெயராக நின்றதோடு நில உரிமையையும் சுட்டியது. சிறுவன் வாய்விட்டுச் சொன்ன வாய்பாட்டுச் சொற்கள் அவன் வீட்டில் நாள்தோறும் வழங்கிய சொற்கள். ஒரு வேலியில் 200 கலம் விளைந்ததெனக் கொண்டால் ஒரு மாவிற்கு 10 கலம். அதில் கால் பங்கு இரண்டரைக் கலம், அதாவது 30 குறுணி அல்லது 240 நாழி. எண்சுவடி பயின்ற சிறுவனுக்கு இது எழுதிப் போடும் கணக்கன்று, மனத்தில் அடுக்கிய வரிசைகளில் மேலும் கீழும் ஏறி இறங்கும் செயல்.

ஆகவே இங்குப் பொருளறியாமை என்னும் குறைக்கு இடமில்லை. பொருள் ஏட்டில் விளக்கப்படவில்லை என்பது உண்மை. அது ஏட்டிற்கு வெளியே, வயலிலும் களத்திலும் கடையிலும் இருந்தது. கேம்பெலின் கிளி ஒப்புமை செய்யுள்களைப் பற்றியதே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பிற்காலத்தார் அதனைத் திண்ணைப் பள்ளிக் கல்வி முழுமைக்கும் விரித்தனர்.

எனினும் செந்தில்பாபு வழியில் எண்கல்வியை உள்ளூர் உழைப்போடு இணைத்துக் காணும்பொழுது எழும் வினா ஒன்றைத் தவிர்க்க இயலாது. அளப்பவன் யார், அளக்கப்படும் கூலியைப் பெறுபவன் யார் என்பதே அது. மாவும் காணியும் அறிந்த சிறுவன் பெரும்பாலும் நிலமோ கணக்கோ உடைய குடும்பத்தைச் சேர்ந்தவன். அதே களத்தில் கூலி நெல்லைப் பெற்றவரின் பிள்ளைக்கு அந்த வாய்பாடு எட்டவில்லையெனில், எண்சுவடியின் பயன்பாட்டுத்தன்மையே ஏற்றத்தாழ்வைக் காக்கும் கருவியாகவும் அமைந்திருக்கும். பயனுடைய கல்வி என்பதால் அது நடுநிலையான கல்வி ஆகிவிடாது.

நீதிநூல்கள்: ஒத்திவைக்கப்பட்ட பொருள்

மூன்றாம் முகம் நீதிநூல் பயிற்சியில் உள்ளது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, வெற்றிவேற்கை, உலகநீதி ஆகியவை வழக்கமான வரிசை. இவற்றுள் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அகரவரிசையில் தொடங்கும் தொடர்களால் ஆனவை. நீதியைக் கற்பிக்கும் அதே தொடர் எழுத்தின் வரிசையையும் கற்பிக்கிறது. ஐந்து வயதுச் சிறுவனைப் பொறுத்தவரை முதற்பயன் இரண்டாவதே. அறிவுரையின் பொருள் அவனது வாழ்க்கை அனுபவத்திற்கு அப்பாற்பட்டது. தொடக்கத்தில் எழுத்தட்டவணையாகப் பயன்படும் நூல் பின்னர் வாழ்க்கை நெறியாக விரியும் என்பது இம்மரபின் எதிர்பார்ப்பு.

இவ்வெதிர்பார்ப்பைப் ‘பொருளை ஒத்திவைத்தல்’ எனலாம். சொல் முதலில் சேமிக்கப்படும். அனுபவமும் ஆசிரியரும் பின்னர் அதனைத் திறப்பர். உ.வே.சா.வின் வாழ்வில் அது அவ்வாறே நிகழ்ந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடம் பயின்றபொழுதே தமிழின் சுவை தமக்குத் தெரியத் தொடங்கியது என அவர் நன்றியுடன் பதிவு செய்கிறார். பின்னர்க் குன்னம், கார்குடி, செங்கணம் எனப் பல ஊர்களில் ஆசிரியர் பலரிடம் பயின்று, இறுதியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். இப்பயணத்தின் பெரும்பகுதிக்கு அவர் தந்தையின் அலைச்சலும் விடாமுயற்சியும் காரணம். ஒரு சிறுவனின் நாவில் சேமிக்கப்பட்ட சொற்களுக்குப் பொருள் கிடைக்க ஒரு குடும்பமே ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியிருந்தது.

தன்வரலாற்றின் கதைப்போக்கு இங்கு வாசகரைத் தன்வயப்படுத்துகிறது. முடிவில் மாபெரும் பதிப்பாசிரியர் ஒருவர் நிற்பதனால், தொடக்கத்தின் மனப்பாடமும் பிரம்படியும் அம்முடிவிற்கான படிகளாகத் தோன்றுகின்றன. ஆனால் அத்திண்ணையில் உடன் அமர்ந்திருந்த பிற சிறுவர்களின் சரித்திரம் எழுதப்படவில்லை. வறுமையால் பெற்றோர் பிள்ளைகளை இடையிலேயே நிறுத்திக்கொண்டதைக் கேம்பெல் தம் அறிக்கையில் வருத்தத்துடன் குறிப்பிடுகிறார். இடையில் நின்ற சிறுவனுக்குப் பொருளைத் திறக்கும் ஆசிரியர் வரவே இல்லை. அவனைப் பொறுத்தவரை ஒத்திவைக்கப்பட்ட பொருள் மறுக்கப்பட்ட பொருளே. கேம்பெலின் கிளி ஒப்புமை திண்ணைப் பள்ளியின் முறையைப் பற்றிய உண்மை என்பதனினும், அம்முறையின் பாதியில் நின்றோரைப் பற்றிய உண்மை எனல் தகும்.

பெயர் சொல்லி அனுப்புதல்

உ.வே.சா. விவரிக்கும் வழக்கங்களுள் ஒன்று மேற்கூறிய மூன்றனையும் இணைக்கிறது. மாலையில் பள்ளி விடும்பொழுது ஆசிரியர் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பூ, ஓர் ஊர், ஒரு விலங்கு என வகைக்கொரு பெயரைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அப்பெயர்களை மறவாது சொல்ல வேண்டும். மேலோட்டமாக நோக்கின் இது நினைவாற்றலுக்கான பயிற்சி மட்டுமே. உற்று நோக்கின் வேறு சிலவும் புலனாகும். பெயர் வகைப்படுத்தப்பட்டு வழங்கப்படுகிறது. பொருள்களை இனம் பிரிக்கும் நிகண்டு மரபின் எளிய வடிவம் இது. பெயர் மாணவனுக்கு மாணவன் வேறுபடுகிறது. பிறனிடம் கேட்டுச் சொல்ல இயலாது. சிறுவன் வீட்டிற்குச் சென்று அதனைப் பெற்றோரிடம் சொல்லிவைக்கிறான். எழுத்தறியாத தாயும் அப்பாடத்தில் பங்குகொள்ள முடிகிறது. ஏடும் எழுத்தாணியும் வேண்டாத இப்பயிற்சி பள்ளியையும் வீட்டையும் இரவோடு இரவாக இணைத்தது.

திண்ணைப் பள்ளி வழக்கங்களுள் இன்றைய வகுப்பறைக்கு எவ்வகைத் தடையுமின்றி எடுத்துக்கொள்ளத்தக்கது இதுவே எனலாம். மறந்தவனுக்குக் காத்திருந்த பிரம்பு நீங்கலாக.

சட்டாம்பிள்ளை: கற்பவன் கற்பித்தல்

ஒரே ஆசிரியர், வெவ்வேறு நிலையிலுள்ள மாணவர்கள் என்னும் சூழலில் திண்ணைப் பள்ளியின் நடைமுறை சட்டாம்பிள்ளையைச் சார்ந்திருந்தது. அவன் இளையோருக்கு முறைசொல்லிக் கொடுத்தான், பாடம் கேட்டான், ஆசிரியர் இல்லாதபொழுது ஒழுங்கைக் காத்தான். சென்னை எழும்பூரில் இராணுவ ஆண் அநாதை விடுதியை 1789ஆம் ஆண்டு முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார். உடனிருந்த ஆசிரியர்கள் அதற்கு இசையாத நிலையில், எட்டு வயது மாணவன் ஒருவனைக் கொண்டு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். அவர் 1797ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட நூலின் வழி இம்முறை ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது.

மணலெழுத்து உள்ளூர்ப் பள்ளியிலிருந்து பெற்றது என்பதனைப் பெல் மறைக்கவில்லை. மாணவரைக் கொண்டு கற்பித்தலைத் தம் கண்டுபிடிப்பாகவே அவர் முன்வைத்தார். கேம்பெலோ அதனை இந்நாட்டு முறையெனக் கொண்டு, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியதாக எழுதினார். இச்சிக்கலில் முன்பின் யார் என்பதனினும் மாற்றம் யாது என்பது பயனுடைய வினா. திண்ணையில் சட்டாம்பிள்ளை ஒரு சிறு குழுவில் அனைவரையும் பெயரால் அறிந்தவன். இங்கிலாந்தின் கூடங்களில் நூற்றுக்கணக்கான ஏழைச் சிறுவரைக் குறைந்த செலவில் அடக்கிக் கற்பிக்கும் ஏற்பாட்டின் உறுப்பாக அவன் மாறினான். ஒரு வழக்கம் அதன் அளவிலிருந்து பெயர்க்கப்படும்பொழுது அதன் பொருளும் பெயர்ந்துவிடுகிறது.

திண்ணையின் எல்லை

1826ஆம் ஆண்டில் மன்றோ தொகுத்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. 1983ஆம் ஆண்டில் தரம்பால் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டு, காலனியத்திற்கு முற்பட்ட கல்வி சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்னும் கருத்தை மறுத்தார். தமிழ் மாவட்டங்களில் மாணவருள் பெரும்பான்மையர் பிராமணர் அல்லாதார் என்பது அவரது வலுவான சான்று. அது ஏற்கத்தக்கது. எனினும் அப்பட்டியல்களில் உள்ள ‘சூத்திரர்’, ‘பிற சாதியினர்’ என்னும் தலைப்புகளின் விரிவு, தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டோர் எத்தனை பேர் அத்திண்ணைகளில் அமர்ந்தனர் என்பதனைத் தெளிவாகக் காட்டுவதில்லை.

இங்குக் கட்டட அமைப்பே ஒரு சான்றாகிறது. திண்ணை என்பது வீட்டின் பகுதி. வீடு தெருவின் பகுதி. தெரு சாதியின் பகுதி. தெருவில் நடக்க உரிமையில்லாத சிறுவனுக்குத் திண்ணையில் அமர உரிமை இருந்திருக்க இயலாது. ‘என் சரித்திரம்’ காட்டும் முதல் பள்ளி ஓர் அக்கிரகார ஊரினது. அவ்வெல்லையை நூல் கேள்விக்கு உட்படுத்தவில்லை. அது தன்னியல்பாகவே அமைந்துவிட்ட சூழலாக நிற்கிறது. 1894ஆம் ஆண்டில் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளி தொடங்கியதும், அம்முயற்சியில் அயோத்திதாசப் பண்டிதர் பங்குகொண்டதும் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் வேறு வகுப்பறையைத் தாமே தேட வேண்டியிருந்ததைக் காட்டும். திண்ணைப் பள்ளியைப் போற்றும் எழுத்து எதுவும் இவ்வெல்லையைக் கடந்து செல்லாமல் முழுமை பெறாது.

நினைவு எஞ்சியது, காரணம் மறைந்தது

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அரசு மானியம் மாணவரின் தேர்வு முடிவோடு இணைக்கப்பட்டது. ஆய்வாளர் வரும் நாளில் மாணவன் குறித்த பகுதியை ஒப்பிப்பதைப் பொறுத்தே ஆசிரியரின் வருவாய் அமைந்தது. அச்சுப் பாடநூல் புள்ளியையும் இடைவெளியையும் குறில் நெடில் வேறுபாட்டையும் தந்தது. ஆகவே படிப்பதற்கான நினைவின் தேவை குறைந்தது. பதின்கூற்று அளவைகளும் பொது நாணய முறையும் வந்தபின் மாவும் காணியும் வாய்பாட்டிலிருந்து நீங்கின. ஆகவே அளவைக்கான நினைவும் வயலிலிருந்து துண்டிக்கப்பட்டது. எஞ்சியது சேமிப்பிற்கான நினைவு மட்டுமே. அச்சேமிப்பும் பிற்காலத்தில் திறக்கப்படுவதற்காக அன்றித் தேர்வு நாளில் செலவிடப்படுவதற்காக மாறியது.

இன்று கண்டிக்கப்படும் ‘மனப்பாடக் கல்வி’ திண்ணைப் பள்ளியின் நேரடி எச்சம் அன்று என்பது இதனால் பெறப்படும். அது திண்ணைப் பள்ளியின் பழக்கமும் தேர்வாட்சியின் நோக்கமும் கலந்து உருவானது. பிரம்பு திண்ணையிலிருந்து வந்தது. வினா விடைத்தாள் அலுவலகத்திலிருந்து வந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு.

திண்ணைப் பள்ளியின் மனப்பாடம் ஓலை எழுத்தைப் படிப்பதற்கான நினைவு, அளவையைக் கையாள்வதற்கான நினைவு, பிற்காலப் பொருளுக்கான சேமிப்பு நினைவு என மூன்று வகைப்பட்டது. முதலிரண்டும் தத்தம் சூழலில் பொருளுடையவை. மூன்றாவது மட்டுமே பொருளறியாமை என்னும் குறைக்கு இடமளித்தது.

பொருள் ஒத்திவைக்கப்பட்ட கல்வி, தொடர்ந்து பயிலும் வாய்ப்புடையோர்க்குச் செல்வமாகவும் இடைநின்றோர்க்கு வெறும் ஒலியாகவும் அமைந்தது. ‘என் சரித்திரம்’ முன்னவரின் குரல். அதனைத் திண்ணைப் பள்ளி மாணவர் அனைவரின் சான்றாகக் கொள்வது பின்னவரை மறைப்பதாகும்.

மனப்பாடமா செயல்பாடா என்னும் எதிர்வு வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்தவில்லை. திண்ணையில் மனப்பாடம் செய்த கையே மணலில் எழுதியது, ஓலை வாரியது, மையாடியது. தொடக்கப்பள்ளி வகுப்பறையில் ஒரு பாடத்தை நினைவில் கொள்ளச் சொல்லும்பொழுது, அந்நினைவு எதற்காக, எப்பொழுது, யாருக்குப் பயன்படும் என்பதே கேட்கத்தக்க வினா. அவ்வினாவிற்கு இடைநின்ற மாணவனின் பக்கத்திலிருந்து விடை கூற இயலாத கல்விமுறை, அது அட்டைகளால் நடப்பினும் ஓலைகளால் நடப்பினும், கேம்பெல் கண்ட கிளியைக் கடந்ததாகாது.